சங்கத்தின் ஃபைல் செயலாளர் வீட்டுச் சொத்து இல்லை

ஞாயிற்றுக்கிழமை நம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மோட்டார் ரூம் தரையில் கிடந்த அட்டைப்பெட்டி, ஊறிப்போன தீர்மானப் புத்தகம், "மழைக்கு யார் என்ன செய்ய முடியும்?" என்ற நிர்வாகிகளின் பதில். அதற்குக் கைதட்டல் வேறு.

மழையைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீர்க் குழாய் ஓடும் அறையில், தரையில், அட்டைப்பெட்டியில் வைத்தது நாம்தான். சங்கத்தின் ஆவணம் சங்கத்துடையது. பதவியில் இருப்பவர் காவலர் மட்டுமே.

அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பால்பாயிண்ட்டில் எழுதிய தீர்மானங்கள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. மைப் பேனாவில் எழுதியவை வெறும் நீலக் கறை. குண்டூசி இருந்த இடமெல்லாம் துரு, ஓரங்களில் பூஞ்சை. நனைந்த காகிதத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். உடனே பார்த்திருந்தால் பக்கங்களுக்கு இடையே வெள்ளைத்தாள் வைத்து, ஃபேன் காற்றில் உலர்த்தி, தாளை அடிக்கடி மாற்றியே காப்பாற்றியிருக்கலாம். அவகாசம் இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் போதும், பூஞ்சை வளராது. பிறகு நிதானமாக உலர்த்தலாம். ஒட்டிய பக்கங்களைப் பிய்க்கவே கூடாது. பிய்த்திருக்கிறார்கள்.

சரியாக வைக்கச் செலவும் பெரிதில்லை. பூட்டுள்ள இரும்பு பீரோ, தரையிலிருந்து அரையடி உயரத்தில், வெளிச்சுவரில் ஒட்டாமல், மேலே குழாய் போகாத அறையில். ரப்பர் பேண்ட் வேண்டாம், இளகிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. வழவழப்பான பில் தாளில் இருப்பது மை இல்லை, சூட்டில் கறுக்கும் பூச்சு. சில மாதங்களிலேயே வெளிறத் தொடங்கிவிடலாம். வவுச்சரோடு, அதாவது செலவுச் சீட்டோடு, அந்த பில்லின் ஜெராக்ஸையும் அன்றே வையுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ தெளிவில், பிடிஎஃப் கோப்பாக. கோப்பின் பெயர் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதியோடு தொடங்கினால் தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்கத்தான், பத்து வருடம் பாதுகாக்க இல்லை. இணையச் சேமிப்பின் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை மீட்கும் எண் ஒரே ஆளின் கைபேசியாக இருந்தால், அவர் வீடு மாறும் நாளில் சங்கத்தின் நினைவும் கூடவே போய்விடும்.

"எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறதே" என்கிறார்கள். போன வருடம் அனுப்பிய படத்தை இன்று திறந்து பாருங்கள், பலருக்குத் திறக்காது. திறந்தாலும் சுருங்கிய படத்தில் கையெழுத்து தெரியாது. உறுப்பினர்களின் அடையாள அட்டை நகல், கைபேசி எண் எல்லாம் எல்லார் கையிலும் போகக் கூடாது என்பது நியாயம்தான். அதைத் தனியாகப் பூட்டி வையுங்கள். வரவு செலவையும் சேர்த்துப் பூட்ட அது காரணம் ஆகாது.

பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், தீர்மானப் புத்தகம், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், குழாய், மின்கம்பி போன பாதையின் படம், இவை கட்டடம் நிற்கும்வரை வேண்டும். பாதை தெரியாவிட்டால் ஒரு கசிவுக்கு நாலு இடத்தில் தரையை உடைக்க வேண்டியிருக்கும். பழைய வவுச்சரை அழிப்பதானால் சட்டம் சொல்லும் காலம் முடிந்தபின், தணிக்கையோ வழக்கோ நிலுவையில் இல்லாதபோது, தீர்மானம் போட்டு அழியுங்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை, பழைய நிர்வாகிகள் புதியவர்களிடம் ஃபைல்களைக் கொடுக்கும்போது எழுதும் ஒப்படைப்புப் பட்டியல். ஃபைலின் பெயர், எந்தத் தேதி முதல் எதுவரை, எத்தனை பக்கம், மூலமா நகலா, இரண்டு தரப்புக் கையெழுத்து. அதைக் கேட்டதற்குத்தான் "எங்களைத் திருடன் என்கிறாயா?" என்று நிர்வாகிகள் சபையில் கேட்டார்கள். சம்பளமில்லாமல் உழைப்பவர்களை நான் அவமதிக்கிறேனாம். பத்து வருடம் கழித்து யாராவது கணக்குக் கேட்டால், அவர்களைக் காப்பாற்றப்போவதே அந்தக் கையெழுத்துதான். அதைச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. மனசு வலித்தது, மறைக்கவில்லை.

பட்டியலை மூன்று பக்கத்தில் எழுதி அலுவலக அறையில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.