சைலன்ட் வேறு, குவயட் வேறு

ஆங்கிலச் சொற்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் சைலன்ட் (silent), குவயட் (quiet), ஸ்டில் (still), காம் (calm) நான்குக்கும் 'அமைதியான' என்று ஒரே பொருள் போட்டிருக்கிறீர்கள். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதப்போகும் எங்கள் திருகோணமலைப் பிள்ளைகள் இதை அப்படியே பாடமாக்கினால் புள்ளி போய்விடும்.

சத்தம் அறவே இல்லாவிட்டால்தான் சைலன்ட். பின்னேரத்தில் உட்துறைமுகப் பக்கம் குவயட். தூரத்தில் வள்ளத்து எஞ்சின் கேட்டாலும் அந்தச் சொல் பொருந்தும். ஸ்டில் அசைவில்லாமையைப் பற்றியது. வாடைக்காற்று ஓய்ந்தபின் நிலாவெளிக் கடல் காம்: அலை இருக்கும், சீற்றம் இராது.

ஆட்களைச் சொல்லும்போதுதான் கூடுதலாகப் பிழைக்கிறது. 'ஹி வாஸ் சைலன்ட்' என்றால் அந்த நேரத்தில் வாய் திறக்கவில்லை. 'எ குவயட் மேன்' என்றால் சுபாவமே அப்படி. அதிகம் பேசாதவரைக் குறிக்கும் டாசிடர்ன் (taciturn) என்பதில் முகம் கொடுத்துப் பேசாத தொனி உண்டு; நற்சான்றுக் கடிதத்தில் தயவுசெய்து எழுதாதீர்கள். ரெட்டிசன்ட் (reticent) ஆள் மற்றதெல்லாம் கதைப்பார், சொந்த விசயம் வந்தால் சொல்லமாட்டார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'அபவுட்' (about) போடவேண்டும். வரத் தயங்குகிறார் என்பதற்கு ரெட்டிசன்ட் சரிவராது, ரிலக்டன்ட் (reluctant) என்றே எழுதுங்கள்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம்: குவயட்டில் 'ஈ' எழுத்து 'டீ'க்கு முன்னால். கடைசிக்குப் போனால் குவைட் (quite) என்ற வேறு சொல்லாகிவிடும்.