33 யூனிட்டை மட்டும் சொன்னால் எப்படி?

மொட்டைமாடி சோலார் கரன்டில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, தொட்டியில் சேமித்து, இரவில் அதையே கரன்டாக்கும் வீடு என்று ஒரு காணொளி. ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் என்று அதில் சொல்கிறார்கள். அதன் கீழே நான் எழுதிய நாலு வரிக்கு வந்த பதில்களைப் பார்த்திருப்பீர்கள். 'பசுமை ஆற்றலுக்கு எதிரி' என்ற பட்டம் வலிக்கிறது. நான் கேட்டது ஒரே ஒரு கணக்கு. திரும்பவும் கேட்கிறேன்.

ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் ஆற்றல் இருக்கிறது. சரி. அந்த ஒரு கிலோவைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க 50 முதல் 55 யூனிட் கரன்ட் வேண்டுமே, அதை ஏன் சொல்லவில்லை? ஹைட்ரஜனை மறுபடி கரன்டாக்கும் கருவியான ஃபியூயல் செல் திருப்பித் தருவதும் பாதிதான், 16 யூனிட் சொச்சம். மீதி வெப்பமாகப் போய்விடும். போட்டது 55, எடுத்தது 16.

நம் ஊர் வீடு ஒன்றுக்கு இரவில் 5 யூனிட் வேண்டும் என்று வையுங்கள். ஹைட்ரஜன் வழியில் பகலில் 17 யூனிட் போட வேண்டும். 3 கிலோவாட் பேனல் ஒரு நாளில் தருவதே சுமார் 12 யூனிட். லித்தியம் பேட்டரிக்கு 6 யூனிட் ஏற்றினால் போதும்.

'அப்போ வீட்டில் ஹைட்ரஜன் வைக்கும் ஜெர்மனிக்காரன் என்ன முட்டாளா?' என்று பதிலில் ஒருவர் கேட்டார். இல்லவே இல்லை. அங்கே கோடையில் மிஞ்சும் சோலார் கரன்டைக் குளிர்காலம் வரை சேமிக்க வேண்டும். அத்தனை மாதத்துக்குப் பேட்டரி கட்டுப்படியாகாது. பெர்லினில் உருவான 'பிசியா' என்ற வீட்டு ஹைட்ரஜன் சேமிப்பு அமைப்பில்கூட இரவுக்குப் பேட்டரிதான், குளிர்காலத்துக்குத்தான் ஹைட்ரஜன். வீணாகும் வெப்பமும் அங்கே வீட்டைச் சூடாக்க உதவும். நமக்கு மே மாதத்தில் அந்த வெப்பம் எதற்கு? நம் சூரியன் மாதக்கணக்கில் ஒளிந்துகொள்வதும் இல்லை.

'பேட்டரி மட்டும் சுத்தமா?' மறுசுழற்சிச் சிக்கல் உண்மைதான். அதற்காக 55க்கு 16 என்பது மாறிவிடாது.

'உள்ளூரிலேயே தயாரிக்கலாமே?' தயாரிப்பதுதான் கடினமான பகுதி. பிரிட்டனில் ரெட்கார் என்ற ஊரின் வீடுகளுக்கு இயற்கை எரிவாயுவுக்குப் பதில் ஹைட்ரஜன் தரவிருந்த சோதனை 2023 டிசம்பரில் கைவிடப்பட்டதற்கு முக்கியக் காரணமே, எதிர்பார்த்த ஹைட்ரஜன் உள்ளூரில் கிடைக்காது என்பதுதான். தண்ணீரும் சும்மா வராது. ஒரு கிலோவுக்குக் குறைந்தது 9 லிட்டர், அதுவும் உப்பு நீக்கிய நீர். போர் தண்ணீரை அப்படியே விட்டால் கால்சியம் படிந்து, தண்ணீரைப் பிரிக்கும் கருவிக்குள் இருக்கும் மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வீணாகும். வெறும் ஆர்.ஓ. போதாது, அதற்குப் பின்னால் அயனி நீக்கும் கார்ட்ரிட்ஜ் வேண்டும், அதைக் காலாகாலத்தில் மாற்றவும் வேண்டும்.

ஹைட்ரஜனைப் பழைய சமையல் காஸ் சிலிண்டரில் நிரப்பலாமா என்று கேட்ட தம்பிக்கு: தயவுசெய்து வேண்டாம். மேலே சொன்ன ஒரு இரவுக்கான ஹைட்ரஜனுக்கே 30 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 30 மடங்கில், 130 லிட்டர் கொள்ளளவு வேண்டும். காஸ் சிலிண்டர் அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. ஹைட்ரஜன் எஃகுக்குள்ளேயே ஊடுருவி அதை நொறுங்க வைக்கும்.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது காணொளியின் நாலாவது நிமிடத்தில். தொட்டி இருக்கும் அறை மூடிய அறை. கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார் தரையோரம், சமையல் காஸுக்கு வைப்பதுபோல. காஸ் காற்றைவிட கனம், தரையில் தேங்கும். ஹைட்ரஜன் மேலே ஏறிக் கூரைக்கடியில் சேரும். வாசனை கிடையாது. காஸில் கலக்கும் அந்த நாற்றத்தைக் கலந்தால் அதிலுள்ள கந்தகம் ஃபியூயல் செல்லைக் கெடுத்துவிடும். காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் பற்றும். பகலில் சுடர் கண்ணுக்கே தெரியாது. அந்த அறைக்குப் பக்கத்தில் துணி காய்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

இதையெல்லாம் கேட்டால் நான் எதிரியா?

கூரையின் உச்சியில் காற்றுத் திறப்பு, அதையொட்டி சென்சார், அது அடித்ததும் தானாக மூடும் வால்வு. இந்த மூன்றும் அந்த அறையில் எங்கே என்று படமெடுத்தவர் காட்டட்டும். இன்றிரவே அந்தக் காணொளியை நானே பகிர்கிறேன்.