டத்தோ சொன்ன அந்தச் சோம்பேறிகள்

அந்தக் காணொலியை இதுவரை ஒன்பது பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். மலேசியாவில் டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் பொன்னாடை கலையாமல் நின்று சொல்கிறார்: "உழைக்கிறவனுக்கு இந்த நாட்டுல குறையே இல்ல. சம்பளம் பத்தலைன்னு சொல்றவன் சோம்பேறி." மண்டபமே கைதட்டுகிறது.

என் அம்மாவைத்தான் சொல்கிறார். பெயர் தெரியாததால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அம்மா கோலாலம்பூர் செந்தூலிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புவார். குத்தகைக்காரரிடம் துப்புரவு வேலை. நான்கு மாடி, எட்டுக் கழிப்பறை. ஆசிட் பட்டுப் பட்டு விரல் ரேகை தேய்ந்துவிட்டது. போன மாதம் வங்கியில் கட்டைவிரலை ஆறு முறை வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை. சோம்பேறியின் விரல்!

அதற்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது பாலுக்காகப் பட்டை சீவினார். இருட்டோடு பிரட்டு, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் கூட்டம். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைக்குக் கூலியும் இல்லை. வானம் கறுத்தால் வீட்டில் யாரும் பேச மாட்டோம். அப்புறம் தோட்டத்தை விற்றார்கள், நாங்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். அங்கே உழைப்பு குறைந்ததாக எனக்கு நினைவில்லை. கூலிதான் குறைவு.

இப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). இபிஎப் என்னும் ஓய்வுக்காலச் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போனால் 1,513. சொக்சோ என்னும் தொழிலாளர் காப்புறுதிப் பிடித்தம் தனி. வாடகை, பஸ், மருந்து எல்லாம் அதற்குள். டத்தோ ஒரு மாதம் வாழ்ந்து காட்டட்டும், நான் பொன்னாடை போர்த்துகிறேன்.

"சம்பளம் ஏறினால் விலைவாசி ஏறும்" என்று வருவீர்கள். சரி, கொஞ்சம் ஏறும். ஆனால் 2013-ல் 900 வெள்ளி என்று வைத்தபோதும் இதையேதான் சொன்னீர்கள். சம்பளம் ஏறாத வருடங்களில் ரொட்டி சானாய் யாரைக் கேட்டு ஏறியது?

"வெளிநாட்டுக்காரன் வந்துதான் கெட்டது" என்பவர்களுக்கு: அவனை மலிவுக் கூலிக்குக் கூட்டி வந்தது என் அம்மா இல்லை.

நாடு சம்பாதிப்பதில் தொழிலாளர் கைக்குச் சம்பளமாக வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதை 45 விழுக்காடாக்க வேண்டும் என்று 2023-ல் மடானி பொருளாதாரத் திட்டத்தில் அரசாங்கமே இலக்கு வைத்தது. அப்போ அரசாங்கமும் சோம்பேறிகள் பக்கமா?

"நீ படித்து முன்னேறவில்லையா?" இதுதான் வலிக்கிறது. முன்னேறினேன். என் தம்பியும் அதே வீடுதான், அதே அம்மாதான். என்னைவிட நன்றாகப் படித்தான். எனக்குக் கட்டணம் கட்டிய வருடம் அவனுக்குக் கட்டக் காசில்லை. இன்று மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான், மழையிலும். என்னைக் காட்டி அவனை அடிக்காதீர்கள்.

கைதட்டிய கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் எங்கள் மாமா உட்கார்ந்திருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப்பில் காணொலியைப் போட்டதும் அவர்தான்.

அம்மா ராத்திரி காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அதை முழுசாகப் பார்த்தார்.

"நல்லாத்தான பேசுறாரு" என்றார்.