திகார் சிறையில் தொடங்கிய வழக்கு

செப்டம்பர் 6 வந்தால் போதும், ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கியிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் கதை எல்லாருடைய முகநூல் பக்கத்திலும் ஏறிவிடுகிறது. 2018, இனி அது குற்றமில்லை என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், நீதிமன்ற வாசலில் கட்டிப்பிடித்து அழும் இளைஞர்களின் படம். தன்பாலீர்ப்பாளர்களின் பெருமை மாதமான ஜூன் வந்தால் பெருநிறுவனங்கள்கூடத் தங்கள் சின்னத்துக்கு வானவில் பூசிக்கொள்கின்றன. பூசட்டும். கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைக்கிறோமே என்பதுதான் என் ஆற்றாமை.

இந்தப் போராட்டம் நட்சத்திர வழக்கறிஞர்களிடம் தொடங்கவில்லை. காதலைப் பற்றிய பேச்சில்கூடத் தொடங்கவில்லை. நோய், காவல்துறை, சிறை: இந்த மூன்றிலிருந்துதான் கிளம்பியது.

1986-இல் சென்னையில் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளில் நாட்டிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அதன் பிறகு அரசுக்குத் தெரிந்த ஒரே மருத்துவம், ஆளைப் பிடித்து அடைப்பது. ரத்த தானம் செய்யப் போன கோவா இளைஞர் டொமினிக் டிசோசாவுக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், 1989-இல் அவரைப் போலீஸ் கொண்டுபோய்ப் பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாட்கள் தனியே அடைத்துவைத்தது. அதே ஆண்டு, கட்டாயப் பரிசோதனைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் வழிசெய்யும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது.

அதை எதிர்த்து டில்லியில் நின்றவர்களில் முக்கியமானவர்கள் எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்ற சிறு குழுவினர். எய்ட்ஸ் பாகுபாட்டு எதிர்ப்பு இயக்கம் என்று பொருள். யார் இவர்கள்? ஒரு மருத்துவர், ஒரு கன்னியாஸ்திரீ, சித்தார்த்த கௌதம் என்ற இளம் வழக்கறிஞர், இன்னும் சிலர். பாலியல் தொழிலாளர்களுக்காகவும் பணத்துக்கு ரத்தம் கொடுத்துப் பிழைத்தவர்களுக்காகவும் பேசிக்கொண்டிருந்தவர்கள், அந்த வழியிலேயே தன்பாலீர்ப்பாளர்களின் வாழ்க்கைக்கும் வந்து சேர்ந்தார்கள். கன்னியாஸ்திரீ என்பதை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். இன்று மதத்தின் பெயரால் பின்னூட்டத்தில் வந்து சண்டையிடுபவர்களுக்காகச் சொல்கிறேன்.

1991-இன் இறுதியில் இவர்கள் வெளியிட்ட அறிக்கை ‘லெஸ் தேன் கே’. இந்தியாவில் தன்பாலீர்ப்பாளர்களின் நிலையைக் குடிமக்களே ஆராய்ந்து எழுதிய முதல் ஆவணம் அதுதான். அடுத்த ஆண்டே, முப்பது வயதைத் தொடாமலே, சித்தார்த்த கௌதம் புற்றுநோயில் இறந்துபோனார். குழு கலையவில்லை. கன்னாட் பிளேஸ் பூங்காவில் தன்பாலீர்ப்பாளர்கள் என்ற சந்தேகத்தின் பேரில் 18 ஆண்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனபோது, 1992 ஆகஸ்ட் 11 அன்று காவல்துறைத் தலைமையகத்தின் முன்னாலேயே போய் நின்றார்கள். அலைபேசி இல்லை, ஹேஷ்டேக் இல்லை. மறுநாள் செய்தித்தாளில் முகம் வந்தால் வேலையும் வாடகை வீடும் போகலாம் என்ற காலம் அது.

பிறகு 1994. திகார் சிறையில் ஆண்களுக்கிடையே உடலுறவு நடக்கிறது, தொற்று பரவாமலிருக்க ஆணுறை கொடுங்கள் என்ற யோசனை எழுந்தது. அப்போது சிறைத்துறைத் தலைவராக இருந்தவர் கிரண் பேடி. (ஆம், பின்னாளில் புதுச்சேரிக்குத் துணைநிலை ஆளுநராக வந்த அதே கிரண் பேடிதான்.) கொடுக்க முடியாது என்றார். கொடுத்தால் அந்த உறவை ஊக்குவித்ததாகிவிடும்; சட்டப்படியோ அது குற்றம். நோயைத் தடுக்கக்கூடச் சட்டம் குறுக்கே நிற்கிறது என்றால் சட்டத்தையே கேள்வி கேட்போம் என்று, 377 செல்லாது என அறிவிக்கக் கோரி இந்தக் குழு டில்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டது. அந்தப் பிரிவுக்கு எதிரான முதல் வழக்கு அதுதான். ஆண்டுக்கணக்கில் கிடந்து, 2001-இல் மனுதாரர் தரப்பில் யாரும் வராததால் தள்ளுபடியானது. எச்.ஐ.வி. தடுப்புப் பணி செய்துவந்த நாஸ் அறக்கட்டளை புதிதாக மனுப் போட்டதும் அதே ஆண்டில்தான். அந்த உறவு குற்றமில்லை என்ற டில்லி உயர் நீதிமன்றத்தின் 2009 தீர்ப்புக்கும் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்கும் வேர் அங்கே இருக்கிறது.

பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆண்களுக்காவது போலீஸ் விரட்டுவதற்கு ஒரு பூங்கா இருந்தது. பெண்களுக்கு அதுவும் இல்லை. அவர்களுக்குப் போலீஸ் வேலையை வீடே பார்த்துக்கொண்டது. 1998 டிசம்பரில் இரண்டு பெண்களுக்கிடையிலான காதலைச் சொன்ன தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ படம் ஓடிய தியேட்டர்களைச் சிவசேனையினர் பம்பாயிலும் டில்லியிலும் அடித்து நொறுக்கினார்கள். அதைக் கண்டித்து டில்லி ரீகல் தியேட்டர் முன்னால் மெழுகுவத்தி ஏந்தி நின்ற கூட்டத்தில், ‘இந்தியப் பெண், லெஸ்பியன்’ என்று பொருள்படும் ஆங்கில அட்டை ஒன்றும் உயர்ந்தது. இது கருத்துச் சுதந்திரப் பிரச்சினை, அந்தச் சொல்லை எதற்கு இழுக்கிறீர்கள் என்று முகம் சுளித்தவர்கள் எதிரணியில் மட்டும் இருக்கவில்லை. எனக்கு அந்த நாட்களில் மிக முக்கியமாகப் படுவது அந்த அட்டைதான். தியேட்டரை உடைத்தவர்களை எதிர்ப்பது எளிது. பக்கத்தில் நிற்கும் தோழர்களின் கூச்சத்தை மீறி அட்டையைத் தூக்குவது வேறு. அந்தப் பெண்கள் அதோடு வீட்டுக்குப் போய்விடவும் இல்லை, லெஸ்பியன் உரிமைகளுக்கான இயக்கமாகச் சேர்ந்து 1999-இல் தனி அறிக்கையே கொண்டுவந்தார்கள்.

1999 ஜூலை 2 அன்று கல்கத்தாவில் சுமார் 15 பேர் மஞ்சள் பனியன் அணிந்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தெற்காசியாவின் முதல் பெருமை நடை அது.

இன்னொன்று. 1991 அறிக்கையின் கோரிக்கைப் பட்டியலில் 377-ஐ நீக்குவது மட்டும் இல்லை. ஒரே பாலினத்தவர் மணந்துகொள்ளச் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்துங்கள் என்பதும் இருந்தது. அதே சட்டத்தை வைத்துத்தான் உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்து, 2023 அக்டோபரில் அது நாடாளுமன்றத்தின் வேலை என்று முடிந்தது. இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த மோகம், இந்தப் பிள்ளைகளுக்கு என்ன அவசரம் என்று கேட்கும் பெரியவர்கள் 1991 என்ற அந்த ஆண்டை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து என்னோடு வாதிடலாம்.