மூன்று ஒயர், ஒரு ஞாயிற்றுக்கிழமை

சாவி ஸ்விட்சோடு சேர்ந்த ஸ்டீயரிங் பூட்டை மாற்றித் தந்த மெக்கானிக் ஒயர்களைக் கழற்றும்போது ஒரு துண்டு டேப் ஒட்டி நம்பர் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. "மாட்டிக்கலாம் சார், மூணே ஒயர்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூணேதான். ஆனால் என் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு மாட்டிப் பார்த்தால் தெரியும். ஜெர்மன் கார்களில் ஒயர் மாட்டும் முனைகளுக்கு நம்பர் உண்டு: 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம், 15 இக்னிஷன், 50 ஸ்டார்ட்டர். சிவப்பு 30, கறுப்பு 15, சிவப்பில் கறுப்புக் கோடு போட்டது 50. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஐம்பது வருட அழுக்கில் மூன்றும் ஒரே காப்பிக்கொட்டை நிறம்! கோடு எங்கே இருக்கிறது என்று துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைத்துத் தேடினேன்.

அதற்குள் 30 ஒயர் ஸ்டீயரிங் தண்டின் இரும்பில் உரசிச் சுளீரென்று பொறி. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற மறந்தது என் தப்புதான், சரி.

1960களின் தொடக்கத்திலேயே மேற்கு ஜெர்மனி எல்லாக் கார்களுக்கும் ஸ்டீயரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. திருடனுக்காகச் செய்த ஏற்பாடு. திருடன் வரவே இல்லை, மாட்டிக்கொண்டது நான்.

ஒருவழியாக மாட்டிச் சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. சாவியை விட்ட பிறகும் சுற்றுகிறது.