அல்பாயுசுக் கச்சேரி

போன சனிக்கிழமை, ஜெர்மனியில் நான் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் ஒரு சிம்பொனி கச்சேரிக்குப் போயிருந்தேன். போஸ்டரில் மூன்று மெழுகுவர்த்திகள், மூன்றும் அணைந்து புகை விட்டுக்கொண்டிருந்தன. கீழே அரியாகா, பிஸே, ஷூபெர்ட் என்று அல்பாயுசில் போன மூன்று இசையமைப்பாளர்களின் பெயர்கள். எந்த சிம்பொனி என்பதைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, செத்த வயதை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: 19, 36, 31.

வாசிப்பில் குறையே இல்லை. என் மனத்தாங்கல் எல்லாம் மைக் பிடித்தவரோடுதான். ஒவ்வொரு சிம்பொனிக்கு முன்னாலும் மேடையேறி, "இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால்..." என்று ஆரம்பித்தார். மூன்றாவது தடவை என் பக்கத்து இருக்கைப் பாட்டி கைக்குட்டையை வெளியே எடுத்துவிட்டார். அந்த மூன்றாவது சிம்பொனிக்கு இன்னும் ஒரு வயலின்கூடத் தோளுக்கு ஏறியிருக்கவில்லை.

அரியாகாவுக்கு அந்தப் பேச்சு பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஸ்பெயினின் பில்பாவோவில் 1806 ஜனவரி 27 அன்று பிறந்தவர், மொசார்ட்டுக்குச் சரியாக 50 வயது நிறையவேண்டிய நாளில். 1826இல், இருபதாவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது பாரிஸில் போய்ச் சேர்ந்தார். விடுவார்களா? 'ஸ்பெயினின் மொசார்ட்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். பிறகு எவன் அரியாகாவைக் கேட்பான், எல்லோரும் அதில் மொசார்ட்டைத்தான் தேடுவார்கள். அந்த சிம்பொனியின் ஸ்வர வரிசையோ டி மேஜரா டி மைனரா என்று கடைசிவரை பிடி கொடுக்காமல் போகிறது. என் காதுக்கு அது ஷூபெர்ட்டின் பக்கத்து வீட்டுப் பையன் எழுதியது போலத்தான் இருந்தது. பரிதாபப்பட்டுக் கேட்கவேண்டிய சங்கதி அதில் ஒன்றுமே இல்லை.

பிஸே கதை வேறு. 1855இல், பதினேழு வயதில், பாரிஸ் இசைக் கல்லூரி மாணவராக இருந்தபோது அந்த சி மேஜர் சிம்பொனியை ஒரே மாதத்தில் எழுதினார். அப்புறம் கிட்டத்தட்ட இருபது வருடம் உயிரோடு இருந்தார். ஒரு தடவைகூட அதை மேடையேற்றவில்லை, அச்சுக்கும் கொடுக்கவில்லை. குனோ என்ற இசையமைப்பாளரின் முதல் சிம்பொனியின் சாயல் அதில் தூக்கலாக இருப்பதுதான் காரணம் என்பார்கள். அந்த குனோ சிம்பொனியை இரண்டு பியானோவுக்கு மாற்றி எழுதியவரே பிஸேதான், சாயல் ஒட்டாமல் என்ன செய்யும்? 1933இல் அதே கல்லூரி நூலகத்தில் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. 1935இல் பாசெல் நகரில் முதல் அரங்கேற்றம். ஆக, எண்பது வருடம் அதைக் கேட்கவிடாமல் வைத்திருந்தது எமன் இல்லை, அலமாரி.

இரண்டாம் பகுதியில் ஓபோ தனியாக வரும் இடம் இருக்கிறதே! நம் நாயனத்துக்கு இருப்பது போல ஓபோவுக்கும் சீவாளி உண்டு. வாசித்த பெண் தன் முறை வருவதற்கு முன்னால் சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே இருந்தார். ஆரம்பித்ததும் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. நீளமான, வளைந்து வளைந்து போகும் ராகம். பதினேழு வயதில் இது எப்படி வந்தது என்றுதான் யோசித்தேன், முப்பத்தாறில் ஏன் போனார் என்று தோன்றவே இல்லை.

ஷூபெர்ட் முறை வந்தபோதுதான் எனக்கு நிஜமாகவே கோபம். "மரணம் பேனாவைப் பிடுங்கிக்கொண்டது" என்றார் மைக்காரர். அபாண்டம்! 'முடிவுறாத சிம்பொனி' 1822இல் எழுதியது, ஷூபெர்ட் இறந்தது 1828இல். மூன்றாம் பகுதியைப் பியானோவில் பெரும்பாலும் குறித்துவைத்து, இரண்டு பக்கம் அளவுக்கு ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்துவிட்டு விட்டுவிட்டார். அந்தச் சமயத்தில் வந்த நோய் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு சி மேஜரில் பிரம்மாண்டமாக இன்னொரு சிம்பொனியை முழுசாகவே முடித்தவர் அவர். முடிவுறாததன் பிரதி ஹுட்டன்பிரென்னர் என்ற நண்பரிடம் கிடந்து, 1865இல்தான் வியன்னாவில் மேடையேறியது.

அந்தப் பெரிய சிம்பொனியை ஷூபெர்ட்டின் அண்ணன் வீட்டுக் காகிதக் கட்டிலிருந்து தேடி எடுத்தவர் இசையமைப்பாளர் ஷூமான். 1839இல் லைப்ஸிக்கில் அதை முதலில் நடத்தியவர் இன்னொரு இசையமைப்பாளர், மெண்டல்சோன். அவரும் 38 வயதில் போனவர்தான். அவருக்கு யாராவது மெழுகுவர்த்தி போடுகிறார்களா? கையில் ஒரு ஆர்கெஸ்ட்ரா இருந்தது, எழுதியதை ஊர் கேட்டது. பிஸேவைவிட இரண்டே வயது கூட, அதற்குள் பரிதாபப் பட்டியலிலிருந்து பெயர் எடுபட்டுவிட்டது.

அன்று வாசித்த முடிவுறாத சிம்பொனிக்கு வருகிறேன். முதல் பகுதியில் செல்லோக்கள் அந்தப் பிரசித்தமான மெட்டைப் பாடிக்கொண்டே வந்து, பாதியில் சட்டென்று நின்றன. மொத்த ஆர்கெஸ்ட்ராவும் மௌனம். அடுத்த அடி இடி போல விழுந்ததும் பாட்டி துள்ளிவிட்டார், கைக்குட்டை கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவே இல்லை.

வெளியே கோட் வாங்க வரிசையில் நின்றபோது, "இதற்கு மேல் பகுதி கிடையாதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எனக்கு ஒன்றும் குறையாகத் தெரியவில்லையே" என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையை மறந்துவிட்டு வந்தது நினைவுக்கு வர, திரும்ப உள்ளே போனார்.