5-ஆம் வகுப்போடு நின்றுபோகும் ஓவியம்

தனியார் பள்ளிகளில் சேர்க்கை நடக்கும் மாதங்களில் முகநூலைத் திறந்தால், கலைக்குத் தாங்கள் தரும் முக்கியத்துவத்தைச் சொல்லும் விளம்பரங்கள் வரிசையாக வருகின்றன. அவற்றிலுள்ள படங்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். உள்ளங்கை முழுவதும் வண்ணம் பூசிக்கொண்டு சிரிக்கும் குழந்தைகள் அநேகமாக எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளாகவே இருப்பார்கள். 8-ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் எதிரில் இருக்கும் பொருளைப் பார்த்துப் பென்சிலால் வரைந்துகொண்டிருக்கும் படத்தை ஒரு பள்ளி விளம்பரத்தில்கூட நான் கண்டதில்லை. தனியார் சிபிஎஸ்இ பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் பள்ளிகளில் கலை எந்த வகுப்புகளில் உயிரோடு இருக்கிறது என்பதை அந்த விளம்பரங்கள் சரியாகவே காட்டுகின்றன. என்னுடைய வருத்தமே அதுதான்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு யாரும் வரையக் கற்றுத்தர வேண்டியதில்லை. தாளும் கிரேயானும் கிடைத்து, பெரியவர்கள் குறுக்கிடாமல் இருந்தால் போதும். கிறுக்கல் வட்டமாகும், வட்டத்துக்குக் கண் வரும், பிறகு தலையிலிருந்து நேராகக் கையும் காலும் முளைத்த ஒரு மனிதன் வருவான். ஏழு வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடும், உச்சியில் நீலப் பட்டையாக ஒரு வானமும், இரண்டுக்கும் நடுவே வெறும் வெள்ளையும் இருக்கும். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் இந்தப் படிநிலைகளை விரிவாக எழுதிவைத்தார்; நான் பாடம் எடுக்கும் பிள்ளைகளிடமும் ஏறத்தாழ அதே வரிசையைத்தான் பார்க்கிறேன்.

சிக்கல் ஒன்பது, பத்து வயதில் தொடங்குகிறது. அதுவரை தயக்கமில்லாமல் வரைந்த பிள்ளைக்கு, தான் வரைந்த மேசை நிஜ மேசையைப் போல இல்லை என்பது ஒருநாள் தெரிந்துவிடுகிறது. கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் வளரவில்லை. அழிப்பான் மிக அதிகமாகத் தேய்வது இந்த வயதில்தான். 4-ஆம், 5-ஆம் வகுப்பு ஓவிய நோட்டுகளில் அழித்து அழித்துத் தாள் கிழிந்த பக்கங்களை நிறையப் பார்க்கலாம். "எனக்கு டிராயிங் வராது சார்" என்ற வார்த்தையை யுகேஜியில் ஒரு பிள்ளையும் சொல்வதில்லை. 5-ஆம் வகுப்பில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்போது தேவைப்படுவது கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஓர் ஆசிரியரும், வாரம் தவறாமல் கிடைக்கும் பாடவேளையும். நம் பள்ளிகளின் கால அட்டவணையோ அந்த வகுப்பிலிருந்துதான் கலையைக் குறைக்கத் தொடங்குகிறது.

மழலை வகுப்புகளில் அன்றாடம் வண்ணம் இருக்கிறது. 1 முதல் 4 வரை வாரம் இரண்டு பாடவேளைகள் கிடைக்கும். 5-இலிருந்து ஒன்றாகக் குறையும். அந்த ஒன்றும் சைக்கிள் டெஸ்ட் நெருங்கினால் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். 9-ஆம் வகுப்பில் ஐஐடி, நீட் ஃபவுண்டேஷன் வகுப்புகள் நுழைந்ததும் அட்டவணையில் பெயர் மட்டும் மிஞ்சும். 10-இல் அந்தப் பெயரும் இருக்காது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், "போர்ஷன் முடியவில்லை, உங்கள் பீரியடைக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்பது தினசரி வழக்கமாகவே இருந்தது. கேட்ட ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் மீதான அழுத்தம் அப்படி. ஆனால் ஓவிய ஆசிரியர் ஒருவர் கணக்கு ஆசிரியரிடம் போய் அதே கேள்வியைக் கேட்கும் நிலை எந்தப் பள்ளியிலும் இல்லை.

இந்த வயதில் முறையாகக் கற்பித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பாடத்தைச் சொல்கிறேன். 6-ஆம் வகுப்பில் மேசைமேல் ஒரு பித்தளைச் சொம்பை வைத்து வரையச் சொல்வேன். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் சொம்பின் வாயை முழு வட்டமாகப் போட்டு, அடிப்பாகத்தை நேர்க்கோடாக முடிப்பார்கள். வாய் வட்டம் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வரைகிறார்கள், பார்ப்பதை வரைவதில்லை. பிறகு எல்லோரையும் எழுந்து வரச் சொல்லி, சொம்பின் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்வரை குனிந்து பார்க்கச் சொல்வேன். விளிம்பு ஒற்றைக் கோடாகிவிடும். மெல்ல நிமிர்ந்தால் அந்தக் கோடு பிளந்து, நீள்வட்டமாகி, மேலே போகப்போக அகலும். அடிப்பாகம் ஏன் வளைந்து தெரிகிறது என்பதும் அப்போதே விளங்கிவிடும். "சார், நான் உட்கார்ந்த இடத்துக்கும் இவள் உட்கார்ந்த இடத்துக்கும் வேறவேற சொம்பு தெரியுது" என்று ஒரு மாணவி சொன்னாள். ஒரே பொருள் நிற்கும் இடத்துக்கு ஏற்ப வேறாகத் தெரியும், அவரவர் பார்த்தது அவரவர்க்கு உண்மை என்பதை ஒரு பதினோரு வயதுப் பெண் தானாகக் கண்டடைந்த தருணம் அது. அந்தப் பாடத்துக்குப் பிறகு "வராது" என்று சொன்ன பிள்ளைகளில் பலர் வரையத் தொடங்கிவிடுகிறார்கள்.

விதிகளில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. 1 முதல் 12 வரை எல்லா வகுப்புகளுக்கும் கலைக்கென்று வாரம் குறைந்தது இரண்டு பாடவேளைகள் ஒதுக்க வேண்டும் என்று சிபிஎஸ்இ 2019-இலேயே அறிவித்துவிட்டது. 2023-இல் வந்த, பள்ளிக் கல்விக்கான தேசியப் பாடத்திட்டச் சட்டகம் காட்சிக்கலை, நாடகம், இசை, நடனம் நான்கையும் பாடங்களாகவே நடத்தச் சொல்கிறது. 2024-இல் 3-ஆம், 6-ஆம் வகுப்புகளுக்குக் கலைக்கென்றே தனிப் பாடநூல்களை என்சிஇஆர்டி வெளியிட்டது. நூல் வந்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் பாடத் தெரிந்தவர் இல்லாத வகுப்பில் இசைப் பாடத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டி, கேள்வி பதில் எழுதவைப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

கலையோடு இணைந்த திட்டப்பணி என்று சிபிஎஸ்இ கொண்டுவந்ததற்கும் இதே கதிதான் நேர்ந்தது. அதில் பிள்ளைகள் தங்கள் மாநிலத்துக்கு இணையாக ஒதுக்கப்பட்ட இன்னொரு மாநிலத்தின் கலையை எடுத்துச் செய்ய வேண்டும்; தமிழ்நாட்டுக்கு ஜம்மு காஷ்மீரை ஒதுக்கியிருக்கிறார்கள். காஷ்மீரின் காகிதக்கூழ்க் கைவினை என்று தலைப்புக் கொடுத்தால், மறுநாள் காலையில் ஸ்டேஷனரிக் கடையில் எடுத்த பிரிண்ட் அவுட்டை சார்ட்டில் ஒட்டி, ஜிகினா பார்டர் போட்டு எடுத்துவருகிறார்கள். பெரும்பாலும் இரவு பதினொரு மணிவரை விழித்திருந்து அம்மா செய்த வேலை அது. நம் ஊர்ப் பாட்டிமார்கள் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, அந்தக் கூழால் முறமும் கூடையும் மெழுகுவார்கள். ஒரு வாளித் தண்ணீரும் பழைய செய்தித்தாளும் போதும். காஷ்மீர்க் கைவினைஞரின் முதல் வேலை எப்படியிருக்கும் என்பதைப் பிள்ளைகள் தங்கள் விரல்களாலேயே அறிந்துகொள்ளலாம். அதற்கு இரண்டு பாடவேளைகள் சேர்ந்தாற்போல் வேண்டும். கூழ் காயவைக்க ஓர் இடம் வேண்டும். வராந்தா அழுக்காவதைப் பொறுத்துக்கொள்ளும் நிர்வாகமும் வேண்டும்.

ஆண்டு விழாவைக் காட்டி, நாங்கள் கலைக்குச் செலவழிக்கவில்லையா என்று நிர்வாகத்தினர் கேட்பார்கள். செலவழிக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. வெளியிலிருந்து டான்ஸ் மாஸ்டர் வருகிறார், உடைகள் வாடகைக்கு வருகின்றன, எல்இடி திரை வருகிறது. நாடகம் என்றால் வசனம் முழுவதையும் முன்கூட்டியே பதிவுசெய்து ஒலிக்கவிடுகிறார்கள். மேடையில் நிற்கும் பிள்ளை வாயை மட்டும் அசைக்கிறது. தன் குரலைக் கடைசி வரிசைவரை கொண்டுசேர்ப்பது எப்படி, வசனம் மறந்துபோனால் எதிரில் இருப்பவர் எப்படித் தாங்கிப்பிடிப்பது என்பவைதான் நாடகம் ஒரு பிள்ளைக்குத் தரக்கூடியவை. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு மிச்சத்தை மேடையேற்றுகிறோம். பாட்டிலும் இப்படித்தான், நல்ல குரல் உள்ள ஐந்தாறு பேரைப் பிரேயர் பாடத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்துவிடுகிறது. 8-ஆம் வகுப்பில் குரல் உடையும் பையன்களுக்கு, இது எல்லோருக்கும் நடப்பதுதான், சுருதியைக் குறைத்துக்கொண்டு பாடு என்று சொல்ல ஆளில்லை. அவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள், பலர் வாழ்நாள் முழுக்க.

மேல்நிலை வகுப்புக்கு வந்தால், சிபிஎஸ்இயில் ஓவியம் ஒரு முழுமையான விருப்பப்பாடமாக இருக்கிறது: செய்முறைக்கு 70 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 30. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பமும் சோழர் கால நடராசரும் அந்தப் பாடத்திட்டத்தில் வருகின்றன. ஆனாலும் நம் மாநிலத்தில் அதை நடத்த முன்வரும் பள்ளிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 12 முடித்து ஆர்க்கிடெக்சர் படிக்க விரும்பும் பிள்ளைகள் நேட்டா தேர்வுக்காகப் பல ஆயிரம் ரூபாய் கட்டி கிராஷ் கோர்ஸில் சேர்கிறார்கள். அங்கே முதல் வாரத்தில் சொல்லித்தருவது பெரும்பாலும் நான் மேலே சொன்ன சொம்புப் பாடம்தான்.

பெற்றோர் மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்ற நிர்வாகத்தின் பதிலிலும் உண்மை இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நாளில் கணக்கு ஆசிரியரின் மேசை முன்னால் வரிசை வாசல்வரை நிற்கும். என் மேசைக்கு வருபவர்கள் அநேகமாக யுகேஜிப் பெற்றோர்தான்.

நான் கேட்பது பெரிய பட்ஜெட் இல்லை. மழலை வகுப்புகளுக்குத் தாளும் களிமண்ணும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, அவர்களை அவர்கள் போக்கில் விடலாம். பயிற்சி பெற்ற கலை ஆசிரியரின் நேரத்தை 4 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு மாற்ற வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் தண்ணீர் பிடித்து, வண்ணம் கலக்கி, பிரஷ் கழுவி அடுக்குவதற்கே பாதி போய்விடுகிறது. ஆகவே இரண்டு பாடவேளைகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். எழுநூறு பிள்ளைகளுக்கு ஒரே ஓவிய ஆசிரியர் என்ற கணக்கையும் மாற்ற வேண்டும்.

வரும் கல்வியாண்டுக்குப் பள்ளி தேடும் பெற்றோர்களே, மழலை வகுப்பறையின் சுவரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 7-ஆம் வகுப்பின் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த வகுப்புப் பிள்ளை ஒருவரின் ஓவிய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக வரைந்த பக்கத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள். சென்ற தேர்வு வாரத்தில் அந்தப் பாடவேளை எந்தப் பாடத்துக்குப் போனது என்பதையும் முதல்வரிடமே கேளுங்கள்.